இணையம் எங்கே இருக்கிறது? பள்ளிப் பிள்ளைகளுக்கு வலையமைப்பை எங்கிருந்து சொல்லித் தொடங்குவது

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "இணையம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் வரும் விடைகள் பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கிவிடும். போனுக்குள் இருக்கிறது என்பார்கள். கூகுளில் இருக்கிறது என்பார்கள். வைஃபை பெட்டிக்குள் இருக்கிறது என்பார்கள். கொஞ்சம் விவரமான பிள்ளை மேலே கையைக் காட்டி, செயற்கைக்கோளில் இருக்கிறது என்று சொல்லும். கேட்டுச் சிரித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் இவை ஒவ்வொன்றும் பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் வைத்து நியாயமாகவே ஊகித்துக்கொண்டவை. பெட்டியில் விளக்கு அணைந்தால் காணொளி நின்றுவிடுகிறது. ஆகவே இணையம் அந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் அப்பா "நெட் தீர்ந்துபோச்சு" என்கிறார். ஆகவே அது தீர்ந்துபோகக்கூடிய ஒரு பொருளாக இருக்க வேண்டும். கைப்பேசிக்குக் கம்பி எதுவும் கிடையாது. ஆகவே அது வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். பாடம் தொடங்க வேண்டிய இடம் இந்த ஊகங்களே. அவற்றைத் தொடாமல் வரையறைகளை அடுக்கினால், தேர்வுத் தாளில் வரையறையும் மனத்தில் பழைய ஊகமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் அருகருகே குடியிருந்துவிடும்.

இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கணினிப் பாடத்திட்டம், 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளே கணினி வலையமைப்புகளையும் இணையத்தையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பொருள் முழுமையாக இடம்பெறுவது மேல்நிலை வகுப்பில்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் கணினி வலையமைப்பு, நெறிமுறைகள் (கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகள்), களப்பெயர் முறைமை (தளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் ஏற்பாடு), வலையமைப்புக் கேபிள்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்களே உண்டு. அந்தப் பிரிவில் சேராத மாணவர், வலையமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை ஒழுங்காக யாரும் சொல்லக் கேட்காமலேயே பள்ளியை விட்டு வெளியேறிவிடலாம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அதன்பின் அரசுப் பள்ளிகளில் அமைக்கப்பட்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் வீடுதோறும் நுழைந்த கைப்பேசி வகுப்புகள் என்று கருவி பிள்ளைகளின் கைக்கு எப்போதோ வந்துவிட்டது. விளக்கம் மட்டும் மேல்நிலை வகுப்பு வரை காத்திருக்கிறது.

விளக்கம் வந்து சேரும்போதும் பெரும்பாலும் தவறான வாசல் வழியாகவே வருகிறது. லேன், மேன், வேன் என்று பரப்பளவை வைத்து மூன்று வகைகள். பேருந்து, வளையம், நட்சத்திரம், கண்ணி என்று வடிவத்தை வைத்து நான்கைந்து வகைகள். அவற்றுக்கு நன்மைகளும் தீமைகளும் ஐந்தைந்து. இவற்றைப் படம் வரைந்து பாகம் குறிக்கும் மாணவர், தம் ஆய்வகத்தில் சுவரோரமாக ஓடும் நீல நிறக் கேபிள் எங்கே போய் முடிகிறது என்று எழுந்துபோய்ப் பார்த்திருக்க மாட்டார். போய்ப் பார்த்தால், எல்லாக் கேபிள்களும் ஒரே சுவிட்ச் பெட்டியில் வந்து சேர்வதையும், பாடநூலின் வளையமும் பேருந்தும் இன்றைய அறைகளில் அநேகமாக எங்குமே இல்லை என்பதையும் தாமே கண்டுகொள்வார். வலையமைப்பின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்யவைப்பதும் இதே வகைதான். பொறியாளர்களுக்கு அது பேச்சு வசதிக்கான நல்ல சட்டகம். இணையம் அந்த ஏழடுக்கின்படி கட்டப்பட்டதன்று. அதைவிட எளிய டிசிபி/ஐபி என்னும் நெறிமுறை அடுக்கின் மேல் நிற்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏழு பெயர்களில் ஒன்றுகூடத் தேவையில்லை.

தேவையானது ஒரே ஒரு கருத்து. இணையத்தில் பெரிய செய்தி எதுவும் முழுதாகப் போவதில்லை; சிறு சிறு பொட்டலங்களாகத் துண்டாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தன் முகவரியைத் தானே சுமந்துகொண்டு தனித்தனியே போகிறது. இந்தக் கருத்தை 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பேரன் வகுத்தார். அணு ஆயுதத் தாக்குதலில் சில நிலையங்கள் அழிந்தாலும் மிச்சமுள்ளவை பேசிக்கொள்ள முடிய வேண்டும் என்பது அவர் கவலை. அவருடைய பணியை அறியாமலேயே, 1965இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் டேவிஸ் அதே முடிவுக்கு வந்தார். பொட்டலம் என்று பெயர் வைத்தவர் அவரே. அன்றைய தொலைபேசியில் இருவர் பேசினால், பேசி முடிக்கும்வரை இடையிலுள்ள கம்பித் தடம் முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும், அவர்கள் மௌனமாக இருந்தாலும்கூட. கணினிகளோ ஒரு கணம் கொட்டித் தீர்த்துவிட்டு நீண்ட நேரம் சும்மா இருப்பவை. அவற்றுக்குத் தடத்தை ஒதுக்கிவைப்பது வீண் செலவு. பொட்டலமாக்கினால் ஒரே தடத்தில் ஆயிரம் பேரின் துண்டுகள் இடைவெளி விடாமல் கலந்து போகலாம்.

இதை வகுப்பறையில் நடத்திக் காட்டக் கணினி வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் யாருக்குப் போக வேண்டும் என்று குறித்து, முதல் வரிசையில் ஒரு மாணவியிடம் கொடுக்க வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது போய்ச் சேர வேண்டும். இடையில் இருப்பவர்களுக்கு ஒரே விதிதான்: சீட்டின் பெயரைப் பார், அந்தப் பக்கமாக உட்கார்ந்திருப்பவர்களில் யார் கை காலியாக இருக்கிறதோ அவரிடம் கொடு. முழுப் பாதை யாருக்கும் தெரியாது. அடுத்தவர் யார் என்பது மட்டுமே தெரியும். ரவுட்டர் என்னும் கருவி செய்கிற வேலை சாரத்தில் இவ்வளவுதான்.

எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். "கண்ணன் முருகனை அடித்தான்" போன்ற வாக்கியம் பயன்படாது. சீட்டுகள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் வேற்றுமை உருபு காட்டிக்கொடுத்துவிடும்; யார் அடித்தது, யார் அடி வாங்கியது என்று தமிழ்ப் பிள்ளை ஒரு கணத்தில் சொல்லிவிடும். "நாளை காலை 7 மணிக்குப் போய் மாலை 5 மணிக்குத் திரும்புவோம்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, 7, 5 ஆகிய இரண்டு எண்களையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதினால் நிலைமை வேறு. வரிசை குலைந்து வந்த சீட்டுகளைக் கடைசி வரிசை மாணவர் அடுக்கிப் படிக்கும்போது, காலை 5 மணிக்குப் போய் மாலை 7 மணிக்குத் திரும்புவதாக ஆகிவிடலாம். வாக்கியத்தில் குறை எதுவும் தெரியாது, ஆகவே பிழை நேர்ந்ததே தெரியாமல் போகும். அப்போது யாராவது ஒரு பிள்ளை, "சார், சீட்டுக்கு நம்பர் போட்டிருக்கலாமே" என்று கேட்கும். வரிசை எண் என்னும் ஏற்பாட்டை ஆசிரியர் கற்பிக்க வேண்டியதில்லை. அதன் தேவையை வகுப்பு தானாகவே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் முறை எண்ணிட்ட சீட்டுகளை அனுப்பும்போது ஆசிரியர் நடுவழியில் ஒரு சீட்டைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசி வரிசையில் 1, 2, 3, 5, 6 வந்திருக்கும், 4 வராது. இனி என்ன செய்வது என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். கிடைத்ததற்கு ஒப்புகைச் சீட்டு அனுப்பலாம் என்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒப்புகை வராததைத் திரும்ப அனுப்பலாம் என்பார்கள். "கொஞ்ச நேரம்" என்றால் எவ்வளவு நேரம் என்று சண்டை வரும். ஒப்புகைச் சீட்டே தொலைந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டுவிட்டால் வகுப்பு உச்சத்தை எட்டிவிட்டது என்று பொருள். 1974இல் வின்ட் சர்ஃப், பாப் கான் என்ற கணினி அறிஞர்கள் இருவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி நெறிமுறை தீர்த்துவைத்த கேள்விகள் இவையே. இணையத்தின் முன்னோடியான, அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. இன்றைய இணையத்தின் பிறந்தநாளாக அந்த நாளைச் சொல்வோர் உண்டு.

இந்த விளையாட்டிலிருந்து பிள்ளைகள் எடுத்துச்செல்ல வேண்டிய முக்கியமான செய்தி, நடுவிலுள்ள வலையமைப்பு எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை என்பதுதான். பொட்டலம் தொலையலாம், தாமதமாகலாம், இரண்டு முறை வரலாம். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்கும் பொறுப்பு இரு முனைகளிலும் இருக்கும் கணினிகளுடையது. காணொளி அழைப்பில் எதிரே இருப்பவரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதைவதும் இந்த இடத்தில் விளங்கிவிடும். நேரடிப் பேச்சில் தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும் என்பதால், அங்கே பெரும்பாலும் தொலைந்தது தொலைந்ததாகவே விடப்படுகிறது. மாறாக, வங்கிக் கணக்கின் ஒரு எண்ணையும் அப்படி விட முடியாது.

இங்கே பல நூல்கள் அஞ்சல் உவமையைக் கொண்டுவருவது வழக்கம்: பொட்டலம் என்பது கடிதம், ரவுட்டர் என்பது அஞ்சல் நிலையம். முகவரி என்ற கருத்துக்கு அது உதவும். ஆனால் கடிதத்தைப் போட்டுவிட்டால் அது நம் கையை விட்டுப் போய்விடுகிறது. இணையத்தில் எதுவும் கையை விட்டுப் போவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நகல் எடுக்கப்படுகிறது, அசல் அனுப்பியவரிடமே இருக்கிறது. அனுப்பிய படத்தை அழித்துவிட்டால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்குக் கடித உவமை தன் பங்குக்கு உரம் போடுகிறது. அதைக் கொஞ்சமாகப் பயன்படுத்திவிட்டுச் சீக்கிரமாகக் கைவிடுவதே நல்லது.

துண்டு எவ்வளவு பெரியது என்று கேட்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கணக்குக் காட்டலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட குறிகள் ஒவ்வொன்றும் இணையத்தில் பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் இடம் பிடிக்கின்றன. "வணக்கம்" என்ற சொல்லில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று 7 குறிகள். ஆக 21 பைட். ஈத்தர்நெட் கேபிளில் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். அதில் முகவரி, வரிசை எண் முதலிய தலைப்புத் தகவல்களுக்குக் குறைந்தது 40 பைட் போய்விடும். மீதியுள்ள 1460 பைட்டில் 69 வணக்கங்களை அடுக்கலாம். கைப்பேசியில் எடுத்த 3 மெகாபைட் படம் ஒன்றை அனுப்பினால் அது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகிப் போகிறது என்பதை அவர்களே வகுத்துக் கண்டுபிடிப்பார்கள். கணக்குப் பாடவேளையில் கூட இதைச் செய்யலாம்.

பொட்டலம் புரிந்தபின் முதல் வேலை, வைஃபை வேறு, இணையம் வேறு என்பதைப் பிரித்துக் காட்டுவது. இதற்கு ஆய்வகத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. ரவுட்டரை அணைக்காமல், வெளியிலிருந்து அதற்குள் வரும் ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்பை மட்டும் கழற்றிவிட வேண்டும். கைப்பேசித் திரையில் வைஃபை அடையாளம் முழுப் பட்டைகளுடன் அப்படியே நிற்கும். யூடியூப் மட்டும் திறக்காது. அதே நேரத்தில் ஆய்வகத்தின் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்பினால் அது ஒழுங்காகப் போய்ச் சேரும். வலையமைப்பில் இணைந்த அச்சுப்பொறியும் அச்சிடும். அறைக்குள் ஒரு வலையமைப்பு இருக்கிறது, அது வெளியிலுள்ள வலையமைப்புகளோடு ஒரு கேபிளால் இணைந்திருக்கிறது, அப்படி இணைந்த வலையமைப்புகளின் கூட்டமே இணையம் என்பதை இந்தச் சோதனை நேராகக் காட்டிவிடும். வைஃபை என்பது அறைக்குள் கேபிளுக்குப் பதிலாக வேலை செய்யும் குறுந்தொலைவு வானொலி அலை, அவ்வளவே.

ஒவ்வொரு கணினியிலும் அதன் வலையமைப்பு எண்ணான ஐபி முகவரியைத் தேடிப் பார்க்கச் சொன்னால், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்கள் கிடைக்கும். அடுத்த தெருவில் இருக்கும் பள்ளியிலும் அதே எண்கள் இருக்கும். அப்படியானால் பொட்டலங்கள் குழம்பாதா என்பது நல்ல கேள்வி. இவை அறைக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். வெளியே போகும்போது ரவுட்டர் தன்னுடைய ஒரே பொது முகவரியை ஒட்டி அனுப்பி, பதில் வந்ததும் யார் கேட்டது என்று நினைவில் வைத்திருந்து பிரித்துக் கொடுக்கிறது. இந்தச் சுற்றுவழி தேவைப்பட்டதற்குக் காரணம், பழைய முகவரி முறையில் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலக மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது, ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் வேறு. மைய இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. 128 இருமக் குறிகளாலான (பிட்) புதிய முகவரி முறை பழையதோடு சேர்ந்தே இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் பெயர்கள் வந்தன. தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைக் கையால் பராமரித்து வந்தது. கணினிகள் பெருகியபோது அது தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்த களப்பெயர் முறைமை, அந்த ஒற்றைக் கோப்பை உலகெங்குமுள்ள பல்லாயிரம் சர்வர்களுக்கு, அதாவது கேட்டதற்குப் பதில் தரும் கணினிகளுக்கு, பகிர்ந்து கொடுத்தது. தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுவை உண்டு: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே மேல்நிலைக் களப்பெயர்கள் இருக்கின்றன. உலாவியில் தமிழில் எழுதும் முகவரி, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக உள்ளுக்குள் மாற்றப்பட்டே தேடப்படுகிறது. அந்தச் சரத்தைக் காட்டினால் பிள்ளைகள் அதைப் படித்துப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள்.

கருவியை வைத்துச் செய்யக்கூடிய பயிற்சிகளிலேயே மிகச் சிறந்தது என்று நான் கருதுவது பிங் என்னும் பழைய கட்டளைதான். ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று அது சொல்லும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வெற்றிடத்தில் செல்வதில் மூன்றில் இரண்டு பங்கு. சென்னையிலிருக்கும் பள்ளி ஒன்று, எல்லோரும் அமெரிக்காவில் இருப்பதாக நம்பும் ஒரு பெரிய நிறுவனத்தின் இணையதளத்துக்குப் பிங் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் 10 மில்லிநொடியில் வருகிறது. போக 5, வர 5. ஐந்து மில்லிநொடியில் ஒளி இழைக்குள் போகக்கூடிய தொலைவு 1000 கிலோமீட்டர்தான். ஆகவே பதில் சொன்ன சர்வர், கேபிள் வழி அளந்தால், சென்னையிலிருந்து 1000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது. அமெரிக்கா என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய நிறுவனங்கள் அதிகம் கேட்கப்படும் படங்களையும் காணொளிகளையும் நகலெடுத்து, இந்திய நகரங்களிலேயே சர்வர்களில் வைத்திருக்கின்றன என்ற செய்தியை எட்டாம் வகுப்பு மாணவி யாரையும் கேட்காமல் வேகம், தொலைவு, நேரம் என்ற வாய்ப்பாட்டைக் கொண்டே நிரூபித்துவிடுகிறாள். அறிவியல் பாடம் இதைவிட நேராகக் கைக்குள் வருவது அரிது.

அதே வாய்ப்பாடு செயற்கைக்கோள் ஊகத்தையும் தீர்த்துவைக்கும். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வருவதற்குக் கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். சிங்கப்பூரிலிருக்கும் சர்வரோ, இடையில் சுமார் 3200 கிலோமீட்டர் கடலடி கேபிள் இருந்தும், 40, 50 மில்லிநொடிக்குள் பதில் சொல்லிவிடக்கூடும். ஆகவே பதில் வானத்துக்குப் போய் வரவில்லை. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் புதிய வகைச் செயற்கைக்கோள்கள் இந்தக் கணக்கை மாற்றத் தொடங்கியிருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். ஆனாலும் கண்டங்களுக்கிடையே செல்லும் தரவின் மிகப் பெரும்பகுதி கடலுக்கடியில்தான் ஓடுகிறது. கைப்பேசியிலும் கம்பியில்லாப் பகுதி என்பது கோபுரம் வரைதான். அதற்குப் பிறகு பெரும்பாலும் மண்ணுக்குள் புதைத்த ஃபைபர்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கடலடி கேபிள் தூரத்துச் செய்தியன்று. இந்தியாவில் கேபிள்கள் கரையேறும் ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மும்பை, கொச்சி, திருவனந்தபுரத்தோடு சென்னையும் தூத்துக்குடியும் அவற்றில் உண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் கேபிள் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசைக்கு 2006இல் கேபிள் போடப்பட்டது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது. ஆழ்கடலில் இந்தக் கேபிளின் தடிமன் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அதைத் துண்டிப்பவை பெரும்பாலும் கப்பல் நங்கூரங்களும் மீன்பிடி வலைகளுமே. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் வெகுவாகத் தடுமாறியது. ஆனாலும் நின்றுபோகவில்லை, பொட்டலங்கள் கிழக்கே பசிபிக் வழியாகச் சுற்றிப் போயின. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும் கடலடி இணைப்பு பாதிக்கப்பட்டு வேகம் குறைந்தது. சீட்டு விளையாட்டில் வழியிலிருக்கும் ஒரு மாணவரை எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டு, மீதிப் பேர் சீட்டை வேறு பக்கமாகக் கடத்துவதைக் கவனிக்கச் சொன்னால் இந்தச் செய்திகள் உடனே பொருள்படும்.

வரலாற்றை அளவோடு சொன்னால் போதும். 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸிலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய "லாகின்" என்று தட்டத் தொடங்க, முதல் இரண்டு ஆங்கில எழுத்து (எல், ஓ) போனதும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் போன முதல் செய்தி அந்த இரண்டு எழுத்துதான். இதைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை. மின்னஞ்சல் 1971இல் வந்துவிட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை முன்மொழிந்தது 1989இல். இந்த இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிவைத்தாலே, வலையும் இணையமும் ஒன்றல்ல, இணையத்தின் மேல் ஓடும் பல சேவைகளில் ஒன்றே வலை என்பது தெளிவாகிவிடும். இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பில் சென்னை ஐஐடி தொடக்கம் முதலே இருந்தது. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையச் சேவையைத் திறந்தது.

எந்த வயதில் எவ்வளவு என்பதில் கண்டிப்பான எல்லை வேண்டியதில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய சகாக்களும் 1990களிலிருந்து வளர்த்துவரும் கணினியில்லாக் கணினிப் பாடங்களில் ஆரஞ்சுப் பழ விளையாட்டு ஒன்று உண்டு. வட்டமாக அமர்ந்த பிள்ளைகள் கைக்கு ஒன்றாகப் பழம் வைத்திருப்பார்கள், ஒருவருக்கு மட்டும் ஒரு கை காலி. ஒவ்வொரு பழத்திலும் உரியவரின் அடையாளம் இருக்கும். பக்கத்திலிருப்பவரின் காலிக் கைக்கு மட்டுமே பழத்தை மாற்றலாம். தன் பழம் கிடைத்ததும் அதை விடமாட்டேன் என்று ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டால் மொத்த வட்டமும் உறைந்துபோகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே ஆடக்கூடிய இந்த விளையாட்டுக்குள் வலையமைப்பு நெரிசல் பற்றிய பல்கலைக்கழகப் பாடம் ஒளிந்திருக்கிறது. ஆரஞ்சுக்குப் பதில் எலுமிச்சம்பழம் போதும்.

இணையப் பாதுகாப்பு என்ற பெயரில் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் "செய்யாதே" பட்டியல். கடவுச்சொல்லைச் சொல்லாதே, தெரியாதவரோடு பேசாதே, படம் போடாதே. பட்டியலில் தவறில்லை; ஆனால் காரணம் தெரியாத தடை அடுத்த செயலி வந்ததும் செல்லாததாகிவிடும். பொட்டலம் எந்தெந்தக் கைகள் வழியாகப் போகிறது என்று சீட்டு விளையாட்டில் பார்த்த பிள்ளை, நடுவிலிருப்பவர் சீட்டைப் பிரித்துப் படிக்கலாமே என்று தானே கேட்கும். அப்போது ஒரு சீட்டை இரகசியக் குறியில் எழுதி அனுப்பிக் காட்டி, சில உலாவிகளில் தெரியும் பூட்டு அடையாளத்தைப் பற்றிப் பேசலாம். அந்தப் பூட்டு, வழியில் யாரும் படிக்கவோ திருத்தவோ முடியாது என்பதற்குத்தான் சாட்சி; மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்குச் சாட்சியன்று. வங்கி போல நடிக்கும் போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும், படித்த பெரியவர்களே இதில் ஏமாறுகிறார்கள். அதேபோல, உலாவியின் மறைநிலைச் சாளரம் அந்தக் கணினியில் தடத்தை விட்டுவைக்காதே தவிர, இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்தோ போய்ச் சேரும் தளத்திடமிருந்தோ எதையும் மறைப்பதில்லை. குழுவில் போட்ட படத்தை நீக்கினாலும், அதற்குள் சேமித்துக்கொண்டவரின் கைப்பேசியில் அது இருக்கும் என்பதற்கு நகல் என்ற ஒரு சொல்லுக்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பாடம் எப்படிப் போனாலும் கடைசியில் ஒரு பிள்ளை, "இதுக்கெல்லாம் ஓனர் யாரு?" என்று கேட்கும். ஒரே முதலாளி கிடையாது. கேபிள்கள் தனியார் நிறுவனங்களுடையவை, சில அரசு நிறுவனங்களுடையவை. களப்பெயர்களையும் முகவரிகளையும் ஐகான் என்ற அமைப்பு ஒருங்கிணைக்கிறது. நெறிமுறைகளைப் பொறியாளர்கள் திறந்த விவாதத்தில் வகுக்கிறார்கள். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் என்ற மாணவர் எழுதிய முதல் குறிப்பிலிருந்து இன்றுவரை அந்த ஆவணங்கள் எல்லாம் கருத்துக் கேட்கும் மடல்கள் என்ற பெயரிலேயே வெளிவருகின்றன, யாரும் இலவசமாகப் படிக்கலாம். இந்திய நிறுவனங்கள் தமக்குள் பொட்டலங்களை உள்நாட்டிலேயே மாற்றிக்கொள்வதற்காக 2003இல் நிக்ஸி என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. சென்னையிலும் அதன் இணைப்பு நிலையம் உண்டு.

முதலாளி இல்லை என்பதால் யாராலும் நிறுத்த முடியாது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு உத்தரவின்பேரில் இணையச் சேவை சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. கடலடி கேபிள் கரையேறும் ஊரிலேயே கைப்பேசியில் இணையம் இல்லை. சேதமடைந்த பாதையைச் சுற்றிப் போகும் திறமை வலையமைப்புகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ முதல் அடி எடுத்துவைக்கும் இடத்தில் இணைப்பு தரும் நிறுவனம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், உத்தரவு போய்ச் சேர்வது அவற்றுக்கு. இதை அரசியலாகப் பேச வேண்டுமா, எப்படிப் பேச வேண்டும் என்பதை அந்தந்த ஆசிரியர் முடிவு செய்துகொள்ளலாம். தொழில்நுட்பமாகப் பேசுவதற்கு ஒரு வீட்டுப்பாடம் போதும்: நம் பள்ளியிலிருந்து பொட்டலம் வெளியேற எத்தனை வழிகள் இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்துப் படமாக வரைந்து வரச் சொல்வது. பெரும்பாலான பள்ளிகளில் விடை ஒன்று என்றே வரும்.